18,600 ரூபாய் போச்சு: 'செல்லுக்குச் சக்தி' மாத்திரை வாங்கப்போகும் பெண்கள் கவனத்துக்கு

இன்று காலைதான் மாத்திரை விற்றவளின் வாட்ஸ்அப் எண் என்னை பிளாக் செய்தது. கை இன்னும் நடுங்குகிறது. இப்போதே எழுதிவிடுகிறேன்.

எனக்கு 47 வயது. ஒரு வருடமாக அசதி. மாடிப்படி பாதி ஏறியதும் கைப்பிடியைப் பிடித்து நின்றுவிடுவேன். மாதவிலக்கு இரண்டு மாதம் வராது, வந்தால் பத்து நாள் கொட்டித் தீர்க்கும். வீட்டில் சொன்னால் "வயசாகுதுல்ல" என்பார்கள். அப்போதுதான் போனில் அந்த விளம்பரம்: நாற்பது தாண்டிய பெண்களுக்கு இலவச ஆன்லைன் வகுப்பு. செல்லுக்குச் சக்தி தருவது மைட்டோகாண்ட்ரியா, அதற்குத் தேவையான என்ஏடி என்ற பொருள் வயது ஏற ஏற உடம்பில் குறைகிறது என்று படம் போட்டு விளக்கினார்கள். அது பொய்யில்லை. ஆனால் மாத்திரை போட்டால் இளமை திரும்பும் என்பதை மனிதர்களிடம் யாரும் நிரூபிக்கவில்லை. அதை மட்டும் சொல்லவே இல்லை.

மறுநாள் 'வெல்னஸ் கோச்' என்று ஒரு பெண் அழைத்தாள். முக்கால் மணி நேரம் பேசினாள். "ராத்திரி எத்தனை மணிக்கு அக்கா முழிப்பு வருது?" என்றாள். மூன்று மணிக்கு வேர்த்து விறுவிறுத்து எழுந்து உட்காருகிறேனே, அதை அதுவரை ஒருத்தர் கேட்டதில்லை. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அந்த ஒரு கேள்வியில்தான் நம்பினேன். உடம்பில் என்ஏடியைக் கூட்டும் என்று விற்கும் என்எம்என் மாத்திரை, மூன்று மாதத்துக்கு 18,600 ரூபாய். 30 நாளில் மாற்றம் தெரியாவிட்டால் முழுப் பணமும் திரும்ப வரும் என்றாள். சீட்டு எடுத்த பணத்தை அப்படியே அனுப்பினேன்.

இருபதாம் நாள் தலைசுற்றல். "கழிவு வெளியேறுது அக்கா, நல்ல அறிகுறி" என்றாள். 28-ஆம் நாள் பணத்தைக் கேட்டேன். "90 நாள் கோர்ஸ் முடியட்டும்." அப்புறம், "டப்பா திறந்தாச்சே, எடுக்க மாட்டோம்." அப்புறம், "மேனேஜர் கூப்பிடுவார்." அக்கா என்றவள் மேடம் என்றாள். பிறகு போனே எடுக்கவில்லை. டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் காலாவதித் தேதி மேல் வெள்ளை ஸ்டிக்கர். நகத்தால் சுரண்டினேன், அடியில் வேறு தேதி.

போன வாரம் அரசு மருத்துவமனைக்குப் போனேன். டாக்டரம்மா கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்ததுமே ரத்தப் பரிசோதனை எழுதினார். ஹீமோகுளோபின் 7.9. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. "நீங்க சொல்ற மைட்டோகாண்ட்ரியா வேலை செய்யவே இரும்புச்சத்து வேணும்மா" என்றார். இரும்பு மாத்திரை அங்கே இலவசம். நான் கொடுத்தது 18,600. பணத்தைவிட, ரத்தம் போய்க்கொண்டே இருந்த அந்த நாட்களை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

என்னென்ன பார்த்து வாங்கணும் என்று விவரமாக எழுத நினைத்தேன், ஸ்கேனுக்கு நேரமாகிவிட்டது. அசதி என்றால் முதலில் ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை பாருங்கள். அதிக ரத்தப்போக்கை வயசு என்று விடாதீர்கள். டப்பாவில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இல்லையா, தொடாதீர்கள். வாக்குறுதியைப் போனில் கேட்காமல் எழுத்தில் வாங்குங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930, நுகர்வோர் புகாருக்கு 1915. நான் இரண்டுக்கும் போட்டுவிட்டேன். டப்பாவையும் ஸ்டிக்கரோடு பத்திரமாக வைத்திருக்கிறேன்.