காத்திருப்பு நேரம்: செவ்வன் பரம்பலா, அடுக்குக்குறிப் பரம்பலா?

காத்திருப்பு நேரம் பற்றிய கணக்கைக் கொடுத்ததும், உயர்தர மாணவர் பலர் இடையையும் (சராசரி) நியம விலகலையும் (சராசரியைச் சுற்றிய சிதறலின் அளவு) எடுத்து நேரே செவ்வன் அட்டவணையை, அதாவது சராசரியின் இருபுறமும் சமச்சீராக மணிவடிவில் பரம்பும் பரம்பலின் அட்டவணையை, திறந்துவிடுகிறார்கள். அது எங்கே பொருந்தும், எங்கே பிழையான விடை தரும் என்பதை வன்னியில் நாம் நாளும் காணும் இரண்டு காத்திருப்புகளைக் கொண்டே விளக்கலாம்.

ஒன்று, கிளினிக் வரிசை. கையிலுள்ள துண்டில் 37 என்று எழுதியிருக்கிறது; முன்னால் 36 பேர். ஒருவருக்குச் செலவாகும் நேரத்தின் இடையும் நியம விலகலும் 4 நிமிடம் எனவும், ஒருவரின் நேரம் மற்றவரின் நேரத்தைச் சாராது எனவும் கொள்வோம். மொத்தக் காத்திருப்பின் இடை 144 நிமிடம். நியம விலகல் 4 × √36, அதாவது 24 நிமிடம். தனித்தனி நேரங்கள் கோணலாகப் பரம்பியிருந்தாலும் அவற்றின் கூட்டுத்தொகை செவ்வனை நெருங்கும் என்பதே மைய எல்லைத் தேற்றம். ஆகவே 168 நிமிடத்துக்கு மேல் காத்திருக்கும் நிகழ்தகவு ஏறத்தாழ 0.16 என்று நம்பிச் சொல்லலாம்.

மற்றது, மாங்குளம் சந்தியில் முல்லைத்தீவுப் பக்கம் போகும் வாகனத்துக்கான காத்திருப்பு. நேர அட்டவணைப்படி ஓடும் பேருந்தின் தாமதத்தைச் செவ்வனாகக் கொள்வதில் பெரிய குறையில்லை. எந்த ஒழுங்குமின்றி வரும் வாகனங்களின் நிலைமை முற்றிலும் வேறு. இடை 20 நிமிடம், நியம விலகலும் 20 நிமிடம் என்று வைத்துச் செவ்வனைப் பயன்படுத்திப் பாருங்கள்: காத்திருப்பு பூச்சியத்துக்குக் கீழே போகும் நிகழ்தகவு 0.1587 என்று வரும். சந்திக்கு வந்துசேர முன்னரே வாகனம் ஏற்றிச் சென்றுவிட்டது என்பது போன்ற விடை இது. இங்கே செவ்வனையே கைவிட இந்த ஓர் எண் போதும் என்பது என் கருத்து.

இங்கே உரியது அடுக்குக்குறிப் பரம்பல்: பூச்சியத்துக்குக் கீழே போகாது, குறுகிய காத்திருப்புகள் மிகுதியாகவும் நீண்டவை படிப்படியாகக் குறைந்தும் வரும் பரம்பல் இது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நிற்க நேரும் நிகழ்தகவு செவ்வன்படி 0.023, அடுக்குக்குறிப்படி 0.050, இரு மடங்குக்கும் மேல். பரீட்சைக்குப் புறப்பட்ட பிள்ளைக்கு இந்த வேறுபாடு சிறியதன்று. இதற்கு நினைவற்ற தன்மையும் உண்டு: 20 நிமிடம் நின்ற பிறகும், இன்னும் நிற்க வேண்டிய நேரத்தின் இடை அதே 20 நிமிடந்தான்.

எதைத் தெரிவதென்று ஐயம் வந்தால், சில நாட்கள் கைக்கடிகாரத்தோடு சந்தியில் நின்று நேரங்களைக் கொப்பியில் குறியுங்கள். நியம விலகல் இடையளவுக்கே பெரிதாக இருந்தால், செவ்வன் அட்டவணையை மூடிவிடுங்கள்.