வடிவம் தருவது யார்: காந்தப்புலமா, துணை விண்மீனா?

வண்ணாரப்பேட்டை மொட்டை மாடியில் சின்னத் தொலைநோக்கியில் பார்த்தால் வளைய நெபுலா மங்கலான சிறு வட்டமாகத் தெரியும். பார்க்க வரும் பிள்ளைகள் தவறாமல் கேட்கிறார்கள்: "படத்துல மத்த நெபுலா எல்லாம் பட்டாம்பூச்சி மாதிரி இருக்கே, ஏன்?" நியாயமான கேள்வி. முதிய விண்மீன் உதறும் வாயு எல்லாப் பக்கமும் சமமாகத்தானே பரவ வேண்டும்? ஆனால் இப்படி உதறிய வாயு மேகங்களான கோள் நெபுலாக்களில் ஐந்தில் நான்கு உருண்டையாக இல்லை.

காரணமாக இரண்டு பேரைச் சொல்கிறார்கள். முதலாவது காந்தப்புலம். அதற்கான நல்ல சாட்சி ரேடியோவில்தான் கிடைக்கிறது. முதிய விண்மீனைச் சுற்றியுள்ள மூலக்கூறுகள் மேசராக, அதாவது லேசரைப் போலப் பெருக்கப்பட்ட, ரேடியோ அலைகளை வீசுகின்றன. காந்தப்புலம் அவற்றின் நிறமாலைக் கோட்டைப் பிளக்கும். பிளவின் அளவு புலத்தின் வலிமையைச் சொல்லிவிடும். விண்மீனை ஒட்டி 43 கிகாஹெர்ட்ஸில் சிலிக்கான் மோனாக்சைடு, சற்றுத் தள்ளி 22 கிகாஹெர்ட்ஸில் நீர், வெளி விளிம்பில் ஹைட்ராக்சில். புலத்தின் வலிமை (அலகு காஸ்) உள்ளே சில காஸ், விளிம்பில் சில மில்லிகாஸ். 2006-ல் டபிள்யூ43ஏ என்ற விண்மீனின் நீர் மேசர்களை அளந்தபோது, அது பீய்ச்சும் வாயுத் தாரையைக் குவிப்பது காந்தப்புலமே என்று தெரிந்தது. எனக்கு மிகவும் பிடித்த அளவீடு இது.

ஆனால் நெபுலாக்களின் நடு விண்மீனிலேயே கிலோகாஸ் (ஆயிரம் காஸ்) அளவுப் புலம் இருப்பதாக 2005-ல் வந்த அறிவிப்பு மறு ஆய்வில் நிற்கவில்லை.

இரண்டாவது ஆள் துணை விண்மீன். நெருங்கிச் சுற்றும் துணை, வாயுவைத் தன் சுற்றுத் தளத்தில் குவிக்கும். குறை என்னவென்றால், நெருக்கமான துணை தென்படுவது சுமார் ஐந்தில் ஒரு நெபுலாவில்தான். தொலைவில் சுற்றும் துணையைக் கண்டுபிடிப்பது கடினம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சரி, யார் பக்கம்? நான் துணை விண்மீன் பக்கம். தனி விண்மீன் ஊதிப் பெருகும்போது அதன் சுழற்சி தளர்ந்துவிடும். காந்தப்புலத்தை வளர்க்கச் சுழற்சி வேண்டும். அப்படி வளரும் புலமே மிச்சமிருக்கும் சுழற்சியையும் சீக்கிரம் தின்றுவிடும். வெளியிலிருந்து சுழற்சியை ஊட்ட ஒரு துணை தேவை. தாரையைக் குவிப்பது காந்தப்புலம், அதற்கு உயிர் கொடுப்பது துணை என்றே நினைக்கிறேன்.

இதைச் சோதிக்கக் குறைந்த அதிர்வெண் ரேடியோ உதவும். சுமார் 10,000 கெல்வின் சூட்டில் உள்ள நெபுலா வாயுவின் வெப்ப உமிழ்வு அங்கே சரிந்துவிடும். காந்தப்புலத்தில் வேக எலக்ட்ரான்கள் வீசும் சிங்க்ரோட்ரான் உமிழ்வோ அங்கே கூடும். நெபுலாவாக மாறுவதற்கு முந்தைய கட்டத்தில் இருக்கும் ஐராஸ் 15445-5449 என்ற விண்மீனில் 2013-ல் இதைக் கண்டார்கள். புனே அருகே 45 மீட்டர் விட்டமுள்ள 30 கிண்ணங்களோடு நிற்கும் ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கி இந்த அதிர்வெண்களுக்கென்றே கட்டப்பட்டது. இப்படிப்பட்ட விண்மீன்களை அதில் தேட வேண்டும்.