வேகம் 94-லேயே நிற்கிறதா? வீட்டு லேன் கேபிளோடு சில வருஷ அனுபவம்

2020 ஊரடங்கில் வீட்டிலிருந்தே வேலை என்று ஆனபோது இழுத்த கேபிள்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. திருவான்மியூரில் கீழ் வீடு, மேல் வீடு என்று இரண்டு தளம். நடுவில் கான்கிரீட், ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர், மாடிப்படி திரும்பினாலே வைஃபை மூச்சு வாங்கும். அதனால் ஹாலில் இருக்கும் ஃபைபர் பெட்டியிலிருந்து ஒவ்வொரு அறைக்கும் கேட்-6 வகை லேன் கேபிள், மொட்டை மாடி கேமராவுக்கு ஒன்று. பெரும்பாலானவை பழைய டெலிபோன், கேபிள் டிவி பைப்பு வழியாகவே போய்விட்டன. ஒரு இடத்தில் மட்டும் சுவரில் காடி வெட்ட வேண்டியிருந்தது.

இத்தனை வருஷத்தில் சுவருக்குள் இருக்கும் கேபிள் ஒரு தடவைகூட பழுதாகவில்லை. வந்த கோளாறு எல்லாமே இரண்டு முனைகளில், அல்லது வெயில் படும் மாடியில். ஆனால் நெட் போனதும் யாராக இருந்தாலும் முதலில் சொல்வது, "உள்ளே எங்கேயோ ஒயர் கட்டாகியிருக்கும், புதுசா இழுத்துடலாம் சார்". தயவுசெய்து உடனே தலையாட்டிவிடாதீர்கள்.

அடிக்கடி வரும் தொல்லை நெட் சுத்தமாகப் போவதில்லை, வேகம் குறைவதுதான். 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டுகிறீர்கள், வைஃபையில் பெட்டிக்குப் பக்கத்தில் 280 காட்டுகிறது, கேபிளில் மட்டும் 94, 95-ஐத் தாண்டவே மாட்டேன் என்கிறது. இந்த எண்ணைப் பார்த்தால் பாதி நோய் தெரிந்துவிட்டது. கேபிளுக்குள் இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடி, மொத்தம் எட்டு ஒயர். கிகாபிட்டுக்கு (1000 எம்பிபிஎஸ்) எட்டும் வேண்டும். 100 எம்பிபிஎஸ் ஈத்தர்நெட்டுக்கு 1, 2, 3, 6 என்ற நான்கே போதும், அதாவது ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும். நீலமோ பிரவுனோ எங்காவது சரியாகத் தொடாமல் இருந்தால் பெரும்பாலான சாதனங்கள் புகார் சொல்லாமல் 100-க்கு இறங்கி ஓடும். விண்டோஸில் ஈத்தர்நெட் பண்புகளுக்குள் இணைப்பு வேகம் 100/100 என்று இருக்கும், லினக்ஸில் ஈத்டூல் என்ற கட்டளை சொல்லிவிடும். ஸ்பீடு டெஸ்டை நம்பிக்கொண்டிருக்காமல் முதலில் அதைப் பாருங்கள். அதற்கும் முன்னால் ரவுட்டரின் லேன் போர்ட்டே 100-தானா என்று பார்த்துவிடுங்கள், மலிவு மாடல்களில் இன்னும் அப்படித்தான் வருகிறது. அப்படி இருந்தால் கேபிள் மேல் ஒரு குற்றமும் இல்லை.

எங்கள் வீட்டில் ரொம்ப நாள் பிடிபடாமல் இருந்தது மேல் அறை கேபிள். அதை மட்டும் எலக்ட்ரீஷியன் ஒருவர் கிரிம்ப் செய்து, அதாவது நுனியில் பிளக்கை அழுத்திப் பொருத்தி, கொடுத்தார். டெஸ்டரில் ஒன்று முதல் எட்டு வரை வரிசையாகப் பச்சை விளக்கு. "எல்லா லைட்டும் எரியுது பாருங்க சார்" என்றார், எரிந்தது உண்மைதான். ஆனால் வீடியோ கால் நடுவில் உறையும், பெரிய ஃபைல் நகல் எடுத்தால் வேகம் மேலும் கீழும் குதிக்கும், சில சமயம் இணைப்பு போய்ப் போய் வரும். கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் நெட்வொர்க் ஸ்விட்சில் சிஆர்சி பிழை, அதாவது வழியில் சிதைந்து வந்த தரவின் எண்ணிக்கை, ஏறிக்கொண்டே இருந்தது. பிளக்கை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, பச்சை, வெள்ளை-நீலம், நீலம் என்று ஜோடி ஜோடியாக அடுக்கியிருக்கிறார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, அதனால்தான் டெஸ்டர் சந்தோஷப்பட்டது. சரியான 'பி' வரிசை (டி568பி என்ற தரம்): வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். 3-ம் 6-ம் ஒரே முறுக்கில் வந்தால்தான் பக்கத்து ஜோடியின் சத்தம், அதாவது மின் குறுக்கீடு, இதில் ஏறாது. அவர் அடுக்கிய முறையில் 3-ல் வெள்ளை-பச்சை, 6-ல் நீலம், இரண்டும் வேறு வேறு முறுக்கு. இரண்டு முனையையும் வெட்டி மறுபடி போட்டதும் பிழை எண்ணிக்கை பூஜ்யத்தில் நின்றுவிட்டது.

அந்தச் சில நூறு ரூபாய் எல்ஈடி டெஸ்டரைத் திட்டவில்லை, ஒயர் அறுந்திருக்கிறதா, இடம் மாறியிருக்கிறதா என்று சொல்ல அது போதும். ஆனால் நூலிழை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் தொடர்பிலும் அதில் விளக்கு எரியும், முறுக்கு மாறியதும் அதற்குத் தெரியாது. லட்சக்கணக்கில் விற்கும் சான்றளிப்புக் கருவி நமக்குக் கட்டுப்படியாகாது. அதனால் கேபிளைச் சோதிக்கும் டயக்னாஸ்டிக்ஸ் வசதி உள்ள மேனேஜ்டு ஸ்விட்ச் (உள்ளே நுழைந்து அமைப்புகளைப் பார்க்கக்கூடியது) ஒன்று வாங்கினேன், அந்தப் பணம் வீணாகவில்லை. சிக்னலை அனுப்பி, திரும்பி வரும் நேரத்தை வைத்து, எந்த ஜோடி எத்தனை மீட்டரில் திறந்திருக்கிறது என்று சொல்லும். கேபிள் நீளம் ஏறக்குறைய தெரிந்தால் அது இந்த முனையா அந்த முனையா என்று உடனே புரியும்.

அப்புறம் ஐஓ பாக்ஸ், அதாவது சுவரில் பதிக்கும் லேன் சாக்கெட். சுவருக்குள் போகும் கேபிளின் நுனியில் நேரடியாக ஆர்ஜே45 (லேன் கேபிளின் வழக்கமான) பிளக் போடாதீர்கள், இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. உள்ளே போவது ஒற்றைக் கம்பி கேபிள், அடிக்கடி வளைத்தால் முறியும். சுவரில் ஐஓ வைத்து பஞ்சிங் டூலால் (ஒயரை சாக்கெட்டில் அழுத்தி இறக்கும் கருவி) அடித்துவிட்டு, வெளியே ரெடிமேட் பேட்ச் கார்டு, அதாவது இரு முனையிலும் பிளக் போட்டே வரும் கேபிள். முறுக்கைப் பிரிப்பது அரை இஞ்சுக்குள் இருக்கட்டும். கேட்-6 கம்பி தடிமனானது, அதற்கு முந்தைய வகையான கேட்-5இ-யின் பிளக்கில் திணித்தால் நுழைந்த மாதிரி இருக்கும், பின் சரியாகக் கடிக்காது. கடலோரத்தில் இன்னொரு தொல்லை, உப்புக் காற்று. மலிவு பிளக்கின் பின்கள் பச்சை பூக்க ஆரம்பித்து, கழற்றி மாட்டினால் சரியாகி, மறுபடி கெடும். தங்கப் பூச்சு 50 என்று போட்டிருப்பதை வாங்குங்கள். கடையில் மைக்ரான் என்பார்கள், அது மைக்ரோ இஞ்ச், 1.27 மைக்ரான்தான் வரும், ஆனாலும் வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது.

மாடி கேமரா தனிக் கதை. பகலெல்லாம் ஓடும், இருட்டியதும் தானாக அணைந்து அணைந்து எரியும். கேமராவை மாற்றியும் அதேதான். ராத்திரி கேமராவின் ஐஆர் (அகச்சிவப்பு) விளக்குகள் எரியும்போது மின்சாரம் கூடுதலாக இழுக்கும், லேன் கேபிள் வழியாகவே மின்சாரம் தரும் பிஓஈ முறையில் அந்த மின்சாரமும் இதே ஒயரில்தான் வர வேண்டும். சுத்தமான செம்பு என்று சொல்லி விற்ற கேபிளின் கம்பியை பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளை, செம்பு பூசிய அலுமினியம். தடை அதிகம், நீளம் கூடக் கூட வோல்டேஜ் விழும். எடையைத் தூக்கிப் பார்த்தாலே தெரியும், 305 மீட்டர் பெட்டி சந்தேகப்படும்படி லேசாக இருக்கும். சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் ஒரு முனையைச் சுரண்டிப் பார்த்துவிட்டுத்தான் மீதியை இழுக்க வேண்டும்.

வெயிலுக்குக் கறுப்பு பாலிஎத்திலீன் உறை போட்ட வெளிப்புற கேபிள்தான் சரி, சாம்பல் நிற பிவிசி மாடியில் வெடித்துவிடும். வெடிப்பில் இறங்கிய மழைத் தண்ணீர் கேபிளுக்குள்ளேயே ஓடி வந்து அறை ஐஓ-வில் சொட்டும், பார்த்தால்தான் நம்புவீர்கள். வீட்டுக்குள் நுழையும் இடத்துக்கு முன்னால் கேபிளைக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு ஏற்றுங்கள். ஐப்பசி இடியில் ஸ்விட்சின் ஒரு போர்ட் மட்டும் செத்துப்போவதும் உண்டு, கேபிளைக் குறை சொல்லும் முன் வேறு போர்ட்டில் மாட்டிப் பார்ப்பது இதற்காகத்தான். சும்மா இருக்கும்போது மட்டும் இணைப்பு விட்டு விட்டு வந்தால் மின்சார சேமிப்பு ஈத்தர்நெட் அமைப்பை அணைத்துப் பாருங்கள்.

கரன்ட் பைப்பிலேயே லேன் கேபிளையும் விட்டுவிடலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். சத்தம் ஏறுவது இரண்டாம் பட்சம், 230 வோல்ட் ஒயரின் உறை உரிந்தால் அது நேராக உங்கள் லேப்டாப்புக்கு வரும்.

இன்னும் உயர்ந்த வகையான கேட்-6ஏ வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: வீட்டுக்கு வேண்டாம். கேட்-6 ஏறக்குறைய 55 மீட்டர் வரை 10 கிகாபிட்டே தாங்கும், எங்கள் வீட்டின் நீளமான இழுவையே அதில் பாதிகூட இல்லை. 2016-ல் வந்த 2.5 கிகாபிட் தரத்தை பழைய கேட்-5இ-யிலேயே ஓடும்படிதான் வகுத்திருக்கிறார்கள். அந்தக் காசுக்கு நல்ல ஐஓ, நல்ல பஞ்சிங் டூல் வாங்குங்கள், மிச்சம் இருந்தால் பின்னால் புதுக் கேபிள் இழுக்க வசதியாக ஒவ்வொரு பைப்பிலும் கேபிளோடு ஒரு நைலான் கயிற்றையும் விட்டு வையுங்கள்.