டிஎன்பி ஆர்எக்ஸ்1எச்எஸ் பிரிண்டர்: தோட்டத்துப் பட்டணத்தில் படக்கடை வைத்திருப்பவர் வாங்கலாமா?

புதிதாகப் படத்தொழிலுக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் கேட்பதெல்லாம் கேமராவைப் பற்றித்தான். எந்த பாடி வாங்கலாம், முகம் எடுக்க எந்த லென்ஸ் நல்லது என்று. ஆனால் என் கடையை நிமிர்த்தி வைத்தது மேசை மூலையில் இருக்கும் பிரிண்டர். ஜப்பானின் டிஎன்பி நிறுவனம் செய்த டிஎஸ்-ஆர்எக்ஸ்1எச்எஸ். வாங்கலாமா என்று கேட்டால், என்னைப் போன்ற இடத்தில் கடை வைத்திருப்பவர் தாராளமாக வாங்கலாம் என்பேன். என்னைப் போன்ற இடம் என்றால் எது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கடை மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில். ஈப்போவிலிருந்து காரில் அரை மணி நேரம். சுற்றிலும் எல்பில், ஹீவுட் என்று தோட்டங்கள். பால்மரம் என்று நாங்கள் சொல்லும் ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயம் என்ற தோட்டத்து வரிசை வீடுகளில் இருந்த பல குடும்பங்கள் தாமான் என்ற குடியிருப்பு வீடுகளுக்கு மாறிவிட்டன. வீடு மாறியதே தவிர சொந்தபந்தம் மாறவில்லை. ஒரு சடங்கு என்றால் மூன்று நான்கு தோட்டத்து ஆட்கள் ஒரே பந்தலில் கூடிவிடுவார்கள். பழைய வீடுகளின் முன்னறைக்குப் போனால் சாமி படங்களுக்குப் பக்கத்தில் தாத்தா பாட்டியின் கறுப்பு வெள்ளைப் படம் பிரேம் போட்டு மாட்டியிருக்கும். மலேசிய இந்தியர்களின் தலைவராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர் என்பதால் சில வீடுகளில் அவர் படமும் உண்டு. அதே சுவரில் பேரப்பிள்ளைகளின் படத்தைத் தேடுங்கள், இருக்காது. எல்லாம் போனில் இருக்கும். போன் தண்ணீரில் விழுந்தால் அதுவும் இருக்காது.

பிரிண்டர் வருவதற்கு முன் நானும் மற்றவர்கள் மாதிரிதான் தொழில் செய்தேன். படம் எடுப்பது, கணினியில் திருத்துவது, வாட்ஸ்அப்பில் அனுப்புவது. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். காசு கொடுத்தவர் கையில் பிடித்துப் பார்க்க ஒன்றும் இருக்காது. அதனால் 150 ரிங்கிட் சொன்னாலே, "படத்தை போன்ல அனுப்பப் போறீங்க, அதுக்கு இவ்வளவாக்கா?" என்பார்கள். அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. அச்சுப்படம் வேண்டும் என்றால் ஈப்போவுக்கு அனுப்பி வாங்கிவர நாளாகும். அதற்குள் விருந்து முடிந்து, பந்தல் பிரித்து, பெரியப்பா சித்தப்பா எல்லாரும் ஊருக்குப் போயிருப்பார்கள். படம் வாங்கும் ஆசையும் அவர்களோடு போய்விடும்.

இப்போது பிரிண்டருக்கு வருகிறேன். இங்க்ஜெட் மாதிரி இதில் மை தெளிப்பது கிடையாது. உள்ளே ஒரு சாய ரிப்பன் ஓடுகிறது. மஞ்சள், மெஜந்தா, சயான் என்று மூன்று நிறம் வரிசையாக, நான்காவதாகக் கண்ணாடி மாதிரித் தெளிவான ஒரு பூச்சு. ஹெட் என்ற சூடான அச்சு முனை ரிப்பனை அழுத்த, சாயம் ஆவியாகித் தாளுக்குள் இறங்குகிறது. கடைசியில் பூச்சு மேலே ஒட்டிக்கொள்கிறது. அதனால்தான் படம் வெளியே வந்த நொடியே கையில் கொடுக்கலாம். குழந்தை ஈரக்கையால் தொட்டாலும் துடைத்தால் போதும். சந்தனம் பூசிய விரலோடு சடங்கு வீட்டில் எல்லாரும் படத்தை வாங்கிப் பார்க்கும்போது இந்தப் பூச்சின் அருமை தெரியும்.

நாலுக்கு ஆறு அங்குலப் படம் ஒன்றுக்கு 12.4 விநாடி என்று நிறுவனம் சொல்கிறது. மணிக்கு 290 படம். விழாவில் யாரும் அப்படி நிற்காமல் அச்சடிப்பதில்லை. கண் மூடாத படத்தைத் தேர்ந்தெடுக்கத்தான் நேரம் பிடிக்கிறது. பளபளப்பு வேண்டுமா, பளபளப்பில்லாத மேட் வேண்டுமா என்பதைக் கணினியில் மாற்றிக்கொள்ளலாம், தாளை மாற்ற வேண்டியதில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது கணக்கு. ஒரு ரோலில் நாலுக்கு ஆறு 700 படம், ஆறுக்கு எட்டு என்றால் 350. தாளும் ரிப்பனும் ஒன்றாக வந்து ஒன்றாகத் தீரும். வெள்ளைப் பின்னணியோ கறுப்புப் பின்னணியோ, ஒரு படத்துக்கு ஆகும் ரிப்பன் ஒரே அளவுதான். இங்க்ஜெட்டில் எந்த நிற மை எப்போது தீரும் என்று யாருக்குத் தெரியும்? இதில் பெட்டி விலையைப் படங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் போதும். எனக்கு நாலுக்கு ஆறு ஒன்று ஒரு ரிங்கிட்டுக்குள் அடங்குகிறது. 5 ரிங்கிட்டுக்கு விற்கிறேன். அட்டை உறை, மின்சாரம், என் நேரம் எல்லாம் போகவும் மிச்சம் இருக்கிறது. சொந்தத் தொழில் செய்கிற ஒரு பெண்ணுக்கு, இந்த மாதம் என்ன நிற்கும் என்று முன்கூட்டியே தெரிவது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை அனுபவித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் விற்கும் முறையையே மாற்றினேன். குடும்பப் படத்துக்கு 180 ரிங்கிட், அதில் பத்து சின்னப் படம், இரண்டு பெரிய படம் சேர்த்தி. எடுத்து முடித்த கையோடு திரையில் காட்டி அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன். கூடுதல் படம் வேண்டும் என்று அவர்களே கேட்கிறார்கள். சடங்கு, வளைகாப்பு, அறுபதாம் கல்யாணம் என்றால் வீட்டுக்காரர் முன்பணம் கட்டிவிடுவார். வந்தவர்கள் குடும்பம் குடும்பமாக நின்று எடுத்துக்கொண்டு, சாப்பிட்டு முடித்துக் கிளம்பும்போது படத்தை வாங்கிக்கொண்டு போவார்கள். உறையில் கடைப் பெயரும் எண்ணும் அச்சடித்திருக்கிறேன். படத்தின் பின்பக்கம் வழுவழுவென்று இருப்பதால் சாதாரண ரப்பர் ஸ்டாம்ப் மை காயாமல் அப்பிக்கொள்ளும், ஸ்டிக்கர்தான் சரி. அந்த உறை கோலகங்சார் வரைக்கும் போயிருக்கிறது. முகநூலில் காசு கட்டி விளம்பரம் போட்டதைவிட, யாரோ ஒருவரின் அத்தை வீட்டு அலமாரியில் சாய்த்து வைத்த படம்தான் எனக்கு அதிக ஆட்களைக் கூட்டி வந்தது.

நிறத்தைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன். எனக்கு அது முக்கியம்.

முன்பு வெளியே படம் அச்சடித்துத் தரும் ஒரு லேப்பில் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் எல்லாப் படத்தையும் தானியங்கித் திருத்தத்தில் போட்டு வெளுக்க வைத்து அனுப்புவார்கள். வெயிலில் வேலை செய்து கறுத்த முகம் சாம்பல் பூத்த மாதிரி வரும். ஒரு பாட்டி, பால்மரம் வெட்டி ஓய்வு பெற்றவர், தன் படத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இது நான் இல்லம்மா" என்று திருப்பிக் கொடுத்தார். அவர் சொன்னது சரி. அது அவர் இல்லைதான். ஃபிலிம் காலத்திலேயே இந்தக் கோளாறு இருந்தது. நிறம் சரிபார்க்க கோடாக் லேப்களுக்கு அனுப்பிய அட்டையில் பல காலம் வெள்ளைக்காரப் பெண்ணின் முகம்தான். அதற்கு ஷெர்லி கார்டு என்று பெயர். பல நிறத்து முகங்கள் சேர்ந்த அட்டை 1990களில்தான் வந்தது. அதுவரை உலகத்தில் பாதிப் பேரின் முகத்தை யாரோ ஒருத்தியின் முகத்தை வைத்து அளந்திருக்கிறார்கள்.

சொந்தப் பிரிண்டர் வந்ததும் அந்த அதிகாரம் என் கைக்கு வந்தது. திரையில் தெரியும் நிறம் தாளில் சரியாக வர உதவும் கோப்பு, டிஎன்பி தரும் நிற ப்ரொஃபைல், அதைக் கணினியில் போட்டுக்கொண்டேன். மென்பொருளில் தானாக வெளிச்சம் கூட்டும் எதையும் அணைத்துவிட்டேன். கறுத்த முகம், மாநிறம், சிவந்த முகம் மூன்றும் சேர்ந்த ஒரு குடும்பப் படத்தைச் சோதனைக்கு வைத்திருக்கிறேன். புது ரோல் போடும்போதெல்லாம் அதை அச்சடித்து வாசலுக்கு எடுத்துப் போய்ப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பேன். கடையின் விளக்கு வெளிச்சத்தை நம்பக்கூடாது. இந்தப் பிரிண்டரில் கறுத்த தோலின் செம்பழுப்பு நன்றாக வருகிறது. நெற்றி மினுமினுப்பும் கன்னத்து நிழலும் தனித்தனியாகத் தெரிகின்றன. ஆனால் படம் எடுக்கும்போதே வெளிச்சம் குறைவாக விழுந்திருந்தால் கறுப்புத் தலைமுடியும் கறுப்புச் சட்டையும் ஒன்றாகக் கலந்துவிடும். தலைக்குப் பின்னால் ஒரு சின்ன விளக்கு வைத்து எடுங்கள். வெள்ளையாக்கித் தரச் சொல்லிக் கேட்பவர்களும் உண்டு, கல்யாணப் பேச்சுக்குக் கொடுக்கும் பெண் படத்துக்கு முக்கியமாக. நான் செய்வதில்லை. அந்தப் பெண் எதிரிலேயே அதை ஒரு குறையாகப் பேசுவது எனக்குத் தாங்காது.

இந்தப் பிரிண்டர் இரவில் செய்யும் வேலை ஒன்று உண்டு. சாவு வீட்டுக்குப் படம். ஆள் தவறிவிட்டால் மாலை போட ஒரு படம் உடனே வேண்டும். மகனோ மருமகனோ வந்து கதவைத் தட்டுவார். கையில் அடையாள அட்டை இருக்கும், அதில் உள்ள முகம் நகத்தளவு. இல்லாவிட்டால் போனில் யாருடைய கல்யாணத்திலோ பின்வரிசையில் நின்ற படம். அதிலிருந்து முகத்தைப் பிரித்து, பின்னணியைத் துடைத்து, ஆறுக்கு எட்டில் அச்சடித்துப் பிரேம் போட்டுக் கொடுப்பேன். முன்பு விடியும்வரை காத்திருக்கச் சொல்ல வேண்டியிருந்தது. இப்போது உட்கார வைத்து ஒரு தேநீர் கொடுப்பதற்குள் வேலை முடிகிறது. இதற்கு நான் காசு வாங்குவதில்லை. தன் அப்பாவுக்குத் தனியாக எடுத்த நல்ல படம் ஒன்றுகூட இல்லை என்று அந்த நேரத்தில் உணர்கிற பிள்ளையின் முகத்தைப் பார்த்த பிறகு, தீபாவளிக்கு முந்தின மாதம் முழுவதும் அறுபது வயது தாண்டியவர்களுக்குத் தனிப்படம் இலவசம் என்று கடையில் எழுதிப் போட்டேன். அப்படி வருகிறவர்கள் பேரன் பேத்தியோடு வருகிறார்கள், குடும்பப் படமும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். தொழிலும் வளர்ந்தது.

இனி இதன் எல்லைகள். ஆறு அங்குல அகலம்தான். சுவரில் பெரிதாக மாட்ட எட்டுக்குப் பத்து, பன்னிரண்டுக்குப் பதினெட்டு கேட்பவர்களுக்கு இன்னும் ஈப்போவுக்குத்தான் அனுப்புகிறேன். எடை ஏறக்குறைய 14 கிலோ. விழாவுக்குத் தூக்கிப் போக ஆள் வேண்டும். எனக்குத் தம்பி இருக்கிறான். வைஃபை கிடையாது, மடிக்கணினியோடு கேபிளில் இணைக்க வேண்டும்.

தூசி இதற்கு எதிரி. செம்மண் பாதை ஓரம் பந்தல் போட்டால் ஒரு துகள் உள்ளே போனாலும் படத்தில் வெள்ளைப் புள்ளியாக விழும். ரோல் மாற்றும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், உருளைகளையும் ஹெட்டையும் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். மழைக்காலத்தில் மிச்சமுள்ள ரோலை இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று, ஓடி முடிந்த ரிப்பன். அச்சடித்த ஒவ்வொரு முகமும் அதில் நிழல்படமாக அப்படியே இருக்கும். வெளிச்சத்தில் பிடித்தால் யார் என்று அடையாளம் தெரியும். வயதுக்கு வந்த பிள்ளைகளின் படம், அடையாள அட்டையிலிருந்து எடுத்த படம் எல்லாம் அதில் உண்டு. முழு ரோலைக் குப்பையில் போடவே கூடாது. நான் கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டிவிட்டுத்தான் வீசுகிறேன். நம்பி வந்து நம் முன்னால் உட்கார்ந்தவர்களுக்கு நாம் செய்ய வேண்டியது இது.

மாதத்துக்கு ஓரிரண்டு படப்பிடிப்பு மட்டும் செய்பவருக்கு இது வேண்டாம். அவர்களுக்கு கேனன் செல்ஃபி சிபி1500 போதும். அதுவும் சாய ரிப்பன் முறைதான், ஒரு படத்துக்கு ஏறக்குறைய 41 விநாடி பிடிக்கும், தாளும் ரிப்பனும் 108 படத்துக்கு ஒரே பெட்டியில் வரும். கைப்பையில் எடுத்துப் போகலாம். படத்துக்கு ஆகும் செலவு கூடுதல்தான், ஆனால் முதலீடு குறைவு. வேலை பெருகி, வரிசையில் நிற்பவர்கள் பொறுமை இழக்க ஆரம்பிக்கும்போது ஆர்எக்ஸ்1க்கு மாறிக்கொள்ளலாம்.

பழையதாக வாங்குவதானால் இரண்டைப் பாருங்கள். இதுவரை எத்தனை படம் அச்சடித்திருக்கிறது என்று பிரிண்டருக்குள் ஒரு கணக்கு இருக்கும், டிஎன்பி மென்பொருளில் அதை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அப்புறம் ஒரே சாம்பல் நிறத்தில் முழுப்பக்கம் ஒன்று அச்சடிக்கச் சொல்லுங்கள். நேர்கோடு மாதிரி ஏதாவது விழுந்தால் ஹெட்டில் கீறல் இருக்கக்கூடும். துடைத்த பிறகும் அந்தக் கோடு போகவில்லை என்றால் விலை எவ்வளவு குறைத்தாலும் விட்டுவிடுங்கள்.