உப்புவெளிக் கடையில் அறுக்குளாவும் நெய்மாரும்

திருகோணமலை நகரத்திலிருந்து நிலாவெளி வீதியால் போனால் உப்புவெளியில் கடற்கரைக்கு இறங்குகிற ஒழுங்கை ஒன்றின் முனையில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. பெயர்ப்பலகை காற்றில் போய் இப்போது கம்பி மட்டும்தான் நிற்கிறது. உதைபந்தாட்ட மட்ச் பார்க்க எங்கே போகலாம் என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் நான் சொல்வது இந்தக் கடையைத்தான், அதனால் ஒருதரம் ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

மீன் ரோல்ஸ் பின்னேரம் நாலரைக்குப் பொரித்தால் ஐந்தரைக்குள் முடிந்துவிடும். ஏழு மணிக்குக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடப்பதை வாங்காதீர்கள், அதில் கிழங்கு மட்டும்தான். இஞ்சிப் பிளேன்டீ தொண்டையில் ஏறும், நல்லது. டிவி பெரியது, ஆனால் நடுவில் ஒரு தூண். இடது பக்கக் கதிரையில் இருந்தால் ஒரு கோல் கம்பம் தெரியவே தெரியாது, கோல் விழுந்ததைப் பக்கத்தில் இருக்கிறவர் கத்துவதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கடைக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது பராட்டாவும் அறுக்குளாக் குழம்பும். புளி அளவாக இருக்கும், மீன் துண்டு உடையாமல் வரும், குழம்பின் ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நிற்கும். குறையும் அதில்தான். விலைப்பட்டியல் கிடையாது. மார்ச்சில் 650 ரூபாய் கொடுத்த அதே கோப்பைக்கு ஜூலையில் 900 வாங்கினார்கள். துண்டு ஒன்றும் பெரிதாகவில்லை.

கடைக்கார நானாவிடம் கேட்டேன். "நான் கூட்டல்ல தம்பி, கரையில கூட்டிட்டாங்க" என்றார். சீசனில் ஹோட்டலுக்கு மீன் எடுக்கிறவர் விடியவே வந்து நிற்பாராம், கேட்ட விலைக்கு எடுப்பாராம். அறுக்குளா அங்கே போனால் மற்ற வியாபாரிகள் பாரைக்குப் போவார்கள், பாரை ஏறும். பாரை கிடைக்காதவர்கள் சூரைக்கு வருவார்கள், அதுவும் ஏறும். கடைசியில் வீட்டுக்கு ஒரு கிலோ சூரை வாங்குகிற அம்மா, அந்த ஹோட்டல் வாசலையே காணாதவர், கூடுதலாகக் காசு கொடுத்துவிட்டுப் போவார்.

நம்முடைய சீசனும் ஐரோப்பாவில் ஆட்டக்காரர்களை வாங்கி விற்கிற கோடைக்காலமும் ஒன்றாகவே வருவதால், அந்த நேரம் டிவியில் ஓடிக்கொண்டிருந்ததும் அதே கதைதான். நான் பாய்ந்து பிடித்துக்கொண்டேன். இதைத்தானே நானா நானும் இத்தனை நாளாகச் சொல்கிறேன், 2017 ஆகஸ்டில் பரிஸ் சென் ஜெர்மன் கழகம் நெய்மாருக்காகப் பார்சிலோனாவுக்கு 222 மில்லியன் யூரோ கொடுத்ததே, அதற்கு முந்தைய உச்சம் போக்பாவுக்குப் போன 105 மில்லியன்தான், ஒரே தாவலில் இரண்டு மடங்குக்கு மேல். அந்தக் காசோடு பார்சிலோனா சந்தைக்கு வந்தபோது அவர்கள் பையில் எவ்வளவு இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். டோர்ட்மண்ட் கழகம் தன் ஆட்டக்காரர் டெம்பெலேக்கு அவர்களிடம் 105 மில்லியனும் மேலதிகமும் கேட்டு வாங்கியது. அடுத்த ஜனவரியில் லிவர்பூல் கூட்டினியோவைப் பெரிய விலைக்கு அவர்களுக்குக் கொடுத்தது, அதற்குச் சில நாள் முன்னர்தான் வான் டைக்கை 75 மில்லியன் ஸ்டேர்லிங் பவுணுக்குப் பேசி முடித்திருந்தது. அடுத்த கோடையில் கோல்காப்பாளர்களுக்கும் ஏறிவிட்டது: லிவர்பூல் அலிசனுக்குக் கொடுத்த சாதனை விலையைச் சில வாரங்களிலேயே செல்சி கெப்பாவை வாங்கி முறியடித்தது. அதாவது சூரை வரைக்கும் இறங்கிவிட்டது.

நானா பராட்டாவைத் தட்டிக்கொண்டே கேட்டார், நிமிரவே இல்லை. "அப்ப நெய்மார்ட விலைய இன்னும் ஒருத்தரும் தாண்டலையே, ஏன்? பணக்காரன் இன்னும் இருக்கான்தானே?"

அது நல்ல கேள்வி. அவருடைய பதில் ஐஸ். முந்தி ஐஸ் இல்லாத காலத்தில் வெயில் ஏறுவதற்குள் விற்காவிட்டால் கருவாடுதான், அதனால் வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். இப்போது படகுக்காரனிடமும் ஐஸ் பெட்டி இருக்கிறது, பிடிக்காத விலை என்றால் மூடி வைத்துக்கொண்டு நிற்பான். வாங்குகிறவன் கொழுத்தது பாதி, விற்கிறவனுக்கு அவசரம் இல்லாமல் போனது பாதி என்றார்.

யோசித்துப் பார்த்தால் இங்கிலாந்தில் அந்த ஐஸ் பெட்டி தொலைக்காட்சிக் காசு. பிரீமியர் லீக்கின் உள்நாட்டு ஒளிபரப்பு உரிமை 2013 முதல் 2016 வரை சுமார் 3 பில்லியன் பவுண், அடுத்த மூன்று வருடத்துக்கு 5 பில்லியனுக்கு மேல். சின்னக் கழகத்துக்கும் அதில் பங்கு உண்டு. நான் ஆர்சனல் பக்கம், இந்த வலி எனக்குத் தெரியும்: 2023 ஜனவரியில் நாங்கள் பிரைட்டன் கழகத்தின் கைசெடோவை 70 மில்லியன் பவுண் வரை தருவதாகச் சொல்லிக் கேட்டோம், பிரைட்டன் பெட்டியை மூடிவிட்டது. ஆகஸ்டில் லிவர்பூலும் செல்சியும் ஒருவரை ஒருவர் பார்த்து ஏற்றினார்கள், கடைசியில் செல்சி 115 மில்லியன் வரை போகிற ஒப்பந்தத்தில் எடுத்தது. அவசரமில்லாத விற்பவர் ஒருவர், காசோடு இரண்டு பேர். ஆக நானா சொன்னது சரி, ஆனால் பாதிதான். உச்ச விலை நின்றுவிட்டது உண்மை, நடுத்தர ஆட்டக்காரனின் விலை நிற்கவில்லையே. பெரிய கழகம் கேட்கிறது என்று தெரிந்த உடனே யாரும் பழைய விலையைச் சொல்வதில்லை.

இதை அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் மன்செஸ்டர் யுனைடட் ஆள், 2012இல் போக்பாவைச் சும்மா போக விட்டு, 2016இல் யுவென்டஸிடம் 89 மில்லியன் பவுண் கொடுத்துத் திரும்ப வாங்கி, 2022இல் மறுபடியும் சும்மா விட்ட கழகம். இதை நினைவூட்டினால் பராட்டா கொஞ்சம் கருகி வரும், அனுபவத்தில் சொல்கிறேன்.

சரி, போகிறவர்களுக்கு. காட் எடுக்கமாட்டார்கள், காசு கொண்டுபோங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம் பூட்டியிருக்கும். சீசனில் உட்காருவதற்கு முன்னரே மீன் விலையைக் கேட்டுவிடுங்கள், கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்வார், குறைக்கவும் மாட்டார். நடு இரவு தாண்டித் தொடங்குகிற சாம்பியன்ஸ் லீக் ஆட்டங்களுக்குக் கடை திறந்திருக்காது. தூணுக்கு வலது பக்கம், சுவரோரமாக இருக்கிற நீலக் கதிரையிலிருந்து இரண்டு கோல் கம்பமும் தெரியும். ஆர்சனல் விளையாடாத நாட்களில் அதை எடுத்துக்கொள்ளலாம்.