சேவல் கதை சொல்லி ஏமாற்றிய கியான்டி சுற்றுலா

இத்தாலியின் ஃப்ளாரன்ஸிலிருந்து ஒயின் சுற்றுலா போகப் பணம் கட்டும் எண்ணத்தில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள். போன ஜூனில் நானும் மனைவியும் ஆளுக்கு 145 யூரோ அழுதோம்.

விளம்பரத்தில் சொன்னது: 8 பேருக்கு மேல் சேர்க்க மாட்டோம், கிரேவே என்ற ஊர்ப் பக்கம் கியான்டி கிளாசிக்கோ ஒயின் தயாரிக்கும் மூன்று பண்ணைகள், பண்ணை வீட்டிலேயே மதியச் சாப்பாடு. வந்து நின்ற பஸ்ஸில் எங்களோடு சேர்த்து 27 பேர். முன்பணம் 60 யூரோவைக் கார்டில் கட்டியிருந்தோம். மிச்சம் 230 யூரோவை ஏறும்போதே ரொக்கமாக வாங்கிக்கொண்டார் வழிகாட்டி. ரசீது கேட்டதற்கு, சாயங்காலம் தருகிறேன் என்றார். அப்போதே இறங்கியிருக்க வேண்டும்.

ஆள் வாய்ச்சொல்லில் வீரர். ஃப்ளாரன்ஸுக்கும் சியெனாவுக்கும் எல்லைத் தகராறு வந்ததாம். சேவல் கூவியதும் இரண்டு ஊரிலிருந்தும் குதிரைவீரர்கள் கிளம்பி, சந்திக்கும் இடத்தை எல்லையாக வைத்துக்கொள்வது என்று ஏற்பாடு. ஃப்ளாரன்ஸ்காரர்கள் ஒரு கறுப்புச் சேவலைப் பட்டினி போட்டார்கள்; அது விடியுமுன்பே கூவிவிட, அவர்கள் வீரன் சியெனாவை நெருங்கிவிட்டான். அந்தச் சேவல்தான் கிளாசிக்கோ ஒயினின் சின்னம். பஸ்ஸே கைதட்டியது, நானும் தட்டினேன்.

கிரேவே இருப்பது தெற்கே, 222ஆம் எண் சாலையில். எங்கள் பஸ் மேற்கே பீசா போகும் விரைவுச்சாலையில் ஓடிக்கொண்டிருந்தது. நின்ற இடத்தில் மான்டெஸ்பெர்டோலி என்று வேறு ஊரின் பலகை. ‘பண்ணை’ என்று காட்டியது பஸ் நிறுத்த வசதியாகக் கட்டிய ஒரு பெரிய கடை. திராட்சைத் தோட்டத்தை வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம். ஒரே கூடத்தில் மூன்று மேஜை, அதுதான் மூன்று பண்ணை!

பாட்டிலைத் திருப்பிப் பார்த்த மனைவி கேட்டாள்: “என்னங்க, சேவலையே காணோமே?”

மான்டெஸ்பெர்டோலி ஒயின் மட்டம் என்று சொல்லவில்லை, அதுவும் கியான்டிதான். ஆனால் கிளாசிக்கோ வேறு. 1716இல், ஃப்ளாரன்ஸ் இருக்கும் டஸ்கனியை ஆண்ட மூன்றாம் கோசிமோ எல்லை வரைந்து கொடுத்த பழைய கியான்டியை நடுவில் கொண்ட பகுதி அது, சட்டமும் தனி, சான்ஜொவேசே திராட்சை 80 சதவீதமாவது இருக்க வேண்டும், பாட்டிலில் கறுப்புச் சேவல் கட்டாயம். அதன் பெயரைச் சொல்லி விலை வாங்கிக்கொண்டு இதை ஊற்றினார்கள்.

மனைவி சைவம் என்று பதிவு செய்யும்போதே எழுதியிருந்தேன். தட்டில் பெருஞ்சீரகம் போட்ட சலாமி, அதாவது பன்றி இறைச்சித் துண்டுகள், வந்தது. சொன்னதும் சலாமியை மட்டும் எடுத்துவிட்டு அதே தட்டை நீட்டினார்கள். மிஞ்சியது ரொட்டி. டஸ்கனி ரொட்டியில் உப்பே போட மாட்டார்கள், அது அவர்கள் பாரம்பரியம், குற்றமில்லை. ஆனால் 145 யூரோவுக்கு அது மட்டும்தான் சாப்பாடு என்றால் உப்பில்லாப் பண்டம் குப்பையிலேதான்.

அதற்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் விற்பனை. இங்கே என் முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். ‘12 வருஷம் ஊறிய’ மொதேனா ஊர் பால்சாமிக் வினிகர் என்று 250 மில்லி பாட்டிலை 39 யூரோவுக்கு வாங்கினேன், அண்ணிக்குக் கொடுக்க. ராத்திரி ஹோட்டலில் பின்பக்கத்தைப் படித்தால் ஒயின் வினிகர், கேரமல் நிறமூட்டி என்று போட்டிருந்தது. அப்படி ஊறியது ‘திராதிசியோனாலே’ (பாரம்பரிய முறை) என்று லேபிளில் போட்டு, 100 மில்லி குண்டு பாட்டிலில் வரும். காய்ச்சிய திராட்சைச் சாறு தவிர வேறெதுவும் அதில் இருக்காது. டிரஃபிள் என்ற வாசனைக் காளானின் பெயரில் விற்கும் எண்ணெய் பாட்டிலையும் திருப்பிப் பாருங்கள். ‘அரோமா’ என்று இருந்தால் நீங்கள் முகர்வது பெரும்பாலும் செயற்கை வாசனை.

சாயங்காலம் ரசீது வரவில்லை. மின்னஞ்சலில் புகார் செய்தேன். ‘பயணத்திட்டம் மாறுதலுக்கு உட்பட்டது’ என்று பதில். கார்டில் போன 60 யூரோவை வங்கியில் முறையிட்டு வாங்கிவிட்டேன். ரொக்கமாகக் கொடுத்த 230 போனது போனதுதான்.

மறுநாள் ஃப்ளாரன்ஸிலிருந்து சாதாரண பஸ் பிடித்து நாங்களே கிரேவே போனோம். முக்கோணமான சதுக்கம், சுற்றிலும் வளைவுத் தாழ்வாரம். உட்கார்ந்து ஆளுக்கு ஒரு கிளாஸ் கேட்டோம். ஊற்றும் முன்பே மனைவி பாட்டிலை வாங்கிக் கழுத்தைப் பார்த்தாள். சேவல் இருந்தது.