கட்டா, மருந்தா: கிளர்ச்சியுற்ற நோயாளியைக் கட்டுப்படுத்தும் இரு வழிகள்

நோயாளியின் கைகால்களைப் பட்டையால் கட்டுவது எவர் கண்ணுக்கும் தெரியும். லோராசெபாம் என்னும் தணிப்பு மருந்து, ஹாலோபெரிடால் என்னும் மனநோய் மருந்து போன்றவற்றால் அடக்குவதோ சிகிச்சையின் தோற்றத்திலேயே நடப்பதால், அது நோய்க்குத் தரப்பட்டதா, பணியாளர் வசதிக்கா என்பதைப் பதிவேட்டைப் பார்த்துப் பிரித்தறிவது கடினம். அதனால்தான் அமெரிக்க மருத்துவமனை விதிகள், நோயாளியின் நிலைக்குரிய வழக்கமான சிகிச்சையாக அல்லாமல் நடத்தையை அடக்கத் தரப்படும் மருந்தையும் கட்டிவைப்பதைப் போன்ற கட்டுப்பாடாகவே கருதுகின்றன.

கட்டினால் காயமும் இரத்த உறைவும் நேரலாம். ஆயினும் பட்டையை உடனே அவிழ்க்கலாம், உடலில் ஏறிய மருந்தை அப்படித் திரும்பப் பெற முடியாது. மறதிநோயுள்ள முதியோருக்குப் புதிய வகை மனநோய் மருந்துகள் இறப்பு அபாயத்தைக் கூட்டுவதாக அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இல் எச்சரித்து, 2008-இல் அதைப் பழைய வகை மருந்துகளுக்கும் விரிவாக்கியது. கட்டோடு மூர்க்கமாகப் போராடுபவருக்கு அளவான மருந்தே இரக்கமானது என்பேன். மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் கண்காணிக்க ஆளில்லாத வார்டில் அந்த வாதம் நிற்காது.